பாட்டுக் காணொளியில் மண்ணுக்கு உரியவர் யார்? கட்டுரையை ஆய்வாக்கும் வழி

கேள்வி: முதுகலையில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற தமிழ்த் தனிப்பாடலின் காணொளியில் பண்பாட்டு அடையாளமும் ‘இந்த மண்ணுக்கு உரியவர்’ என்ற உணர்வும் எப்படி வெளிப்படுகின்றன என்று எழுதினேன். உடை, காடு, ஒப்பாரி, முதியவர்கள் என எல்லாவற்றையும் குறித்திருந்தும், “இதில் வருணனை மட்டுமே இருக்கிறது” என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதை மாற்ற வேண்டும்?

பதில்: நெறியாளர் கேட்பது நியாயமானது. ஒரு காணொளியில் சொல், ஒலி, காட்சி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஆனால் மூன்றும் எப்போதும் ஒரே செய்தியைப் பேசுவதில்லை. அடையாளச் சின்னங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களைத் தேடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை காட்சியை மட்டும் பாருங்கள். திரையைப் பார்க்காமல் ஒருமுறை பாட்டை மட்டும் கேளுங்கள். அதன் பிறகு நிமிடம், வினாடி குறித்த ஓர் அட்டவணையில் சொல், இசை, காட்சி, யார் யாரைப் பார்க்கிறார் என்பவற்றைத் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

ஐந்து மரம் வளர்த்து அழகான தோட்டம் போட்டும், தோட்டம் செழித்த பிறகும், தன் தொண்டை நனையவில்லை என்று பாட்டில் ஒரு குரல் வருந்துகிறது. வரியாகப் படித்தால் அது உழைத்தவரின் புலம்பல். பாட்டாகக் கேட்டால் கல்லூரி விழாவில் எழுந்து ஆடத் தூண்டும் தாளத்துக்குள் அது அமைந்திருக்கிறது. இந்த விலகலை எப்படி விளக்குவீர்கள் என்பதே உங்கள் கருதுகோளாகலாம். துயரத்தை எல்லோரும் கேட்க வைக்கும் உத்தி என்றும் வாதிடலாம், துயரத்தின் கூர்மையை மழுக்கிவிடுகிறது என்றும் வாதிடலாம். இறப்பு வீட்டில் ஒப்பாரியும் ஆட்டமும் அருகருகே நிகழும் நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் எனக்கு முதல் வாதமே வலுவாகப் படுகிறது. நீங்கள் மற்றதை எடுத்தாலும் சான்றோடு நிறுவினால் போதும்.

அடுத்து, யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இலங்கை என்றோ தேயிலை என்றோ பாட்டு எங்கும் சொல்வதில்லை. தோட்டம் என்றதும் பலருக்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள மரம் செடிகள் நினைவுக்கு வரும். தமிழகத்திலிருந்து இலங்கை மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயன்களும் தேயிலைக் கொழுந்துக் கூடையும் நினைவுக்கு வரும். பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர், காணொளியிலும் தோன்றுகிறார். இதை அறிந்து பார்ப்பவருக்கு அவர் ஒரு வரலாற்றின் சாட்சி, அறியாதவருக்குக் கம்பீரமான ஒரு முதியவர். இவ்விரு வகைப் பார்வையாளரையும் கட்டுரையில் பிரித்துக் காட்டுங்கள்.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் ‘உரியவர்’ என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்த முடியாது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு, இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் வகுத்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் நிலை பிறகு முடிவு செய்ய ஒதுக்கப்பட்டது. யார் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதை அரசுகள் தலைக்கணக்காலும் தாள்களாலும் தீர்மானித்தன. பாட்டோ, நன்றாக வாழச் சொல்லிப் பூர்வகுடி மண்ணைக் கொடுத்தான் என்கிறது, ஏரி குளத்தில் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூடப் பங்கு சொல்கிறது. உரிமையைப் பத்திரத்திலிருந்து எடுத்து முன்னோரின் உழைப்பிலும் உயிர்களின் உறவிலும் வைக்கிறது. அதேவேளை, கடல் கடந்து இடம்பெயர்ந்தவரின் பேரன் பூர்வகுடியின் பெயரால் பேசும்போது அந்த ‘நாம்’ எவ்வளவு விரிகிறது, யாரை விட்டுவிடுகிறது என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை எழுப்பாத கட்டுரைகள் பெரும்பாலும் பாராட்டுரைகளாக முடிந்துவிடுகின்றன.

பனுவல், அதாவது ஆய்வுக்கு எடுக்கும் படைப்பு, திரையோடு நிற்பதில்லை என்பதற்கும் இதே பாட்டு நல்ல எடுத்துக்காட்டு. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி ‘தீ’யும் அறிவும் பாடி வெளிவந்த இப்பாடல் புகழ்பெற்ற பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா என்ற இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லாதது கண்டனத்துக்கு உள்ளானது. பின்னர் அவர் படத்துடன் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. நிலமற்றோரின் உரிமையைப் பாடும் பாட்டில் யாருடைய முகம் முன்னே வைக்கப்படுகிறது என்பது உங்கள் தலைப்பின் உள்ளே அடங்கும் கேள்வியே. இதைத் தனிப் பிரிவாக எழுதுங்கள். கலைஞர்களின் உள்நோக்கத்தை ஊகிக்காமல், அச்சில் வந்ததையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதையும் மட்டும் சான்றாக எடுங்கள்.

முழுப் பாட்டையும் அலச முயல வேண்டாம். இருபது முப்பது வினாடி நீளமுள்ள இரண்டு பகுதிகள் போதும். ஒன்று தொண்டை நனையாத வரி. மற்றது வள்ளியம்மாள் தோன்றும் இடம். கலைஞர்களின் நேர்காணல்களைப் பின்னணிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் கூற்றுக்கு ஆதாரம் காணொளியின் அந்தந்த வினாடியிலிருந்து வர வேண்டும், அதை அடைப்புக்குறியில் குறித்தும் விடுங்கள்.