வேலை கிடைத்த பிறகு கொண்டாடிக்கொள்ளலாமா?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, நான் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் முசிறிக்குப் பக்கத்தில். அப்பா கோரை அறுப்புக்குப் போகிறார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான்.

மூன்றாவது செமஸ்டரில் விழுந்த எம்3 என்கிற கணக்குப் பேப்பரை மூன்று தடவை எழுதிக் கோட்டை விட்டேன். ஒரு தடவை பயத்தில் ஹாலுக்கே போகவில்லை. இந்த முறை கிளியர் ஆகிவிட்டது. சி கிரேடுதான். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் 78 வாங்கி எலைட் சில்வர் சர்டிபிகேட் வந்திருக்கிறது. எங்கள் பிராஜெக்டில் உமிச் சாம்பல் கலந்து போட்ட கான்கிரீட் கியூப் 28ஆம் நாள் டெஸ்டில் நன்றாகத் தாங்கியது. ஆனால் பிளேஸ்மென்ட் இன்னும் ஆகவில்லை. இரண்டு கம்பெனியில் ஹெச்ஆர் ரவுண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

சர்டிபிகேட்டை ஸ்டேட்டஸில் வைத்தேன். கிளாஸ் பையன் ஒருவன், 'இதுக்கெல்லாமா ஸ்டேட்டஸ்?' என்று அனுப்பினான். பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ஃபோன் செய்தால் அப்பா, 'வேலை என்னாச்சு?' என்று மட்டும் கேட்கிறார். அம்மா, 'யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்' என்கிறார். ரூம்மேட்டுக்கு அதே எம்3 இன்னும் நிற்கிறது, அவள் முன்னால் சிரிக்கவே பயமாக இருக்கிறது. மற்றவர்கள் ட்ரீட் கேட்கிறார்கள். கையில் 600 ரூபாய்தான் இருக்கிறது. வேலை கிடைத்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டாடிக்கொள்ளலாமா? இப்போது சந்தோஷப்படுவது அல்பத்தனமா?

– பெயர் வேண்டாம், முசிறி

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் எது தெரியுமா? 'ஒரு தடவை பயத்தில் ஹாலுக்கே போகவில்லை.' மூன்று தடவை தோற்றவள் நாலாவது தடவை பயந்து உட்கார்ந்துவிட்டாள், சரி. அவளே அடுத்த தடவை ஃபீஸ் கட்டிவிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் பெரிய விஷயம். சி கிரேடு'தான்' என்று எழுதியிருக்கிறாய். அந்தத் 'தான்' எதற்கு? ஏழு செமஸ்டர் தாண்டிய பிறகு, மறந்துபோன ஃபூரியர் சீரிஸை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அரியர் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினவர்களுக்குத் தெரியாது. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

அரியர் விழுந்ததால் டிஸ்டிங்ஷன் போய்விட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே முடித்தவர்களுக்குத்தான் அது. ஆனால் முதல் வகுப்புக்கு அரியர் தடையில்லை. அதைவிட முக்கியம், உன் பெயருக்கு நேராக இருந்த 'ஸ்டாண்டிங் அரியர்', அதாவது இன்னும் பாஸாகாத பேப்பர், இப்போது இல்லை. எத்தனை கம்பெனிகள் அந்த ஒரு வரியைக் காட்டியே வாசலில் நிறுத்துகின்றன என்று உங்கள் பிளேஸ்மென்ட் ஆபீஸில் கேட்டுப் பார். நேற்று வரை விண்ணப்பமே போட முடியாத இடங்களுக்கு நாளை முதல் போடலாம். 'வேலை என்னாச்சு?' என்று கேட்கும் அப்பாவிடம் இதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சேர்த்து வைக்காதே.

நானும் சேர்த்து வைத்தவள்தான். 1991இல் எம்.ஏ. கடைசி வருடம், கட்டுரைப் போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு வாங்கினேன். முதல் பரிசு இல்லையே, இதைப் போய் வீட்டில் சொல்வதா, வேலைக்கு ஆர்டர் வரட்டும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஆர்டர் வந்தது. வந்த அன்று யார் பரிசைப் பற்றிப் பேசினார்கள்? எந்த ஊர், எங்கே தங்குவது, எந்த பஸ், அதுதான் பேச்சு. போன வருடம் வீடு மாறும்போது அந்தச் சான்றிதழ் கையில் கிடைத்தது. கட்டுரையின் தலைப்பு என்னவென்றே நினைவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒரு வரிகூட வரவில்லை. யாரிடமாவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர்களுக்காவது ஞாபகம் இருந்திருக்கும்.

வேலை கிடைத்ததும் நீயும் அப்படித்தான் ஆவாய். ஆஃபர் லெட்டர் வந்தால் ஜாய்னிங் டேட் எப்போது என்ற கவலை வரும். பட்டமளிப்பு விழாவை நம்பலாம் என்றால் அது கோர்ஸ் முடிந்து எவ்வளவோ மாதம் கழித்து வருகிறது. அப்போது பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூருவிலோ லீவு கிடைக்காமல் இருப்பார்கள். கல்லூரி வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரில் சம்பளம் போட்ட முகங்களுக்குத்தான் இடம். அரியர் கிளியர் பண்ணினவளுக்கு யாரும் பேனர் வைக்கப்போவதில்லை. (வைக்காமல் இருப்பதே நல்லது. அந்தப் பேனர்களில் எல்லோர் முகமும் ஒரே மாதிரி வெளுத்துப்போய் இருக்கிறது.) ஆகவே உன் விழாவை நீதான் நடத்திக்கொள்ள வேண்டும், சின்னதாக, இந்த வாரமே.

அந்தப் பையன் விஷயத்தை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஸ்டேட்டஸின் ஆயுசே 24 மணி நேரம். அதைப் பத்து நிமிடத்தில் எடுத்ததால் சர்டிபிகேட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னூறு பேருக்குப் பொதுவாகக் காட்டினால் அதில் ஒருவன் இப்படித்தான் கேட்பான். அந்த என்பிடெல் கோர்ஸுக்குப் பரீட்சைக் கட்டணம் 1000 ரூபாய். நீ அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் மாதா மாதம் அரசிடமிருந்து வரும் புதுமைப் பெண் திட்டப் பணம் சரியாக அவ்வளவுதான். ஒரு மாதச் செலவைச் சுருக்கிக் கட்டியிருப்பாய். 12 வார கோர்ஸ் என்றால் வாரா வாரம் அசைன்மென்ட், அதில் சிறந்த எட்டுக்குத்தான் 25 மார்க், மிச்சம் 75 நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு. மொத்தம் 75ஐத் தொட்டால்தான் சில்வர். இந்தக் கணக்கு தெரிந்த நாலு பேர் உனக்கு இருப்பார்கள். அந்த கோர்ஸை எடுக்கச் சொன்ன சீனியர் அக்கா, ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்த டீச்சர் என்று யாராவது. அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பு. கூடவே இரண்டு வரி எழுது. 'மிஸ், நான் எம்3 பாஸ் பண்ணிட்டேன்' என்று பழைய மாணவி ஒருத்தி அனுப்பினால் அந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டுவார்.

இனி உன் பிராஜெக்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உன்னிடம் இருப்பதிலேயே கொண்டாடத் தோதான பொருள் இதுதான். நீ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய்.

என் தம்பி சிவில்காரன், அவனுடைய லேபில் நான் பார்த்திருக்கிறேன். 15 சென்டிமீட்டர் கியூப், ஒன்று எட்டுக் கிலோ கனக்கும். வார்த்து, தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டியதுதான். யார் சிபாரிசு செய்தாலும் 27 நாளில் ஆகாது. அப்புறம் மெஷினில் ஏற்றி அழுத்துவார்கள். முள் ஏறிக்கொண்டே போகும், யாரும் பேச மாட்டார்கள், திடீரென்று ஒரு சத்தம், ஓரங்கள் பிய்ந்து நடு மட்டும் உடுக்கை மாதிரி நிற்கும். எம்20 கலவை என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனாவது தாங்க வேண்டும். உன்னுடையது எவ்வளவு தாங்கியது என்று எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு 27 என்று வைத்துக்கொள். அந்தச் சின்னக் கட்டியின் மேல் ஏறக்குறைய 60 டன் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து டன் ஏற்றிய ஆறு லாரியின் சரக்கு! சிமென்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அரிசி மில்காரர்கள் குப்பையாகக் கொட்டும் சாம்பலைப் போட்டு இதைச் செய்திருக்கிறீர்கள்.

உன் அப்பாவிடம் சிஜிபிஏ சொன்னால் என்ன புரியும்? எலைட் சில்வர் என்றால் வெள்ளியா என்று கேட்பார். உமி அவருக்குத் தெரியும். சாம்பல் தெரியும். லாரி லோடு நன்றாகவே தெரியும். 'உமிச் சாம்பல் போட்டு நாங்க செஞ்ச கல்லு ஆறு லாரி சரக்கைத் தாங்குச்சுப்பா' என்று சொல்லிப் பார். மனிதர் வேலையைப் பற்றிக் கேட்க மறக்க மாட்டார், ஆனால் அதற்கு முன்னால் வேறு நாலு கேள்வி கேட்பார். என்ன உமி, எந்த மில்லு, சிமென்ட் எவ்வளவு மிச்சம் என்று. அதுதான் உங்கள் வீட்டுக் கொண்டாட்டம். ஒவ்வொரு அரியருக்கும் ஃபீஸ் கட்டியவர் அவர். பாஸ் ஆன செய்தியைக் கேட்க முதல் உரிமையும் அவருக்குத்தான். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்து முதல் பட்டதாரிச் சலுகை வாங்கியிருந்தால், இந்த வீட்டில் இதற்கு முன் பட்டதாரி இல்லை என்று வருவாய்த் துறையே சான்றிதழ் கொடுத்திருக்கும். ஃபோட்டோகாபி எடுத்து எடுத்து மடிப்பு விழுந்திருக்கும் அந்தத் தாளையும் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்.

அம்மா கண் பட்டுவிடும் என்கிறாரா? அதோடு வாதாடாதே. விஷயத்தை அம்மாவிடம் மட்டும் முழுசாகச் சொல், உப்பு மிளகாய் சுற்றிப் போடட்டும். மகள் ஜெயித்திருக்கிறாள் என்று நம்பினால்தானே சுற்றிப் போடுவார்!

ட்ரீட் கேட்கிறவர்களைப் பற்றி: 600 ரூபாயில் எட்டுப் பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கடன் கேட்காதே. ட்ரீட் கேட்கிற எல்லோரும் உன் சந்தோஷத்துக்காகக் கேட்பதில்லை, சிலர் பழக்கதோஷத்தில் கேட்கிறார்கள். கியூபைத் தூக்கிச் சுமந்த உன் பிராஜெக்ட் பேட்ச், மெஷினை ஓட்டிய லேப் அண்ணன், இவர்கள் போதும். டீயும் வடையும் சொல்லு. லேப் அண்ணன் எத்தனை வருடமாக எத்தனை பேட்ச் கியூப் உடைத்திருப்பார், அவருக்கு ஒரு டீ யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்களா? கேக் வெட்டி மூஞ்சியில் பூசுவது மட்டும் வேண்டாம். எனக்கு அது பிடிக்காது, காரணம் கேட்காதே.

ரூம்மேட். இதுதான் நீ எழுதியதிலேயே கஷ்டமான இடம். ரிசல்ட் வந்த அன்றே ரிஜிஸ்டர் நம்பர் போட்டு எல்லோரும் எல்லோருடையதையும் பார்த்துவிடுகிறீர்கள், அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்த விஷயத்தை நீ மறைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள் என்று அவளுக்குத் தோன்றும். தோற்றதைவிட அது சுடும். நேராகச் சொல்: 'எனக்கு எம்3 கிளியர் ஆயிடுச்சுடி. நீயும் சேர்ந்து பாஸாகியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.' அவ்வளவுதான். 'அடுத்த தடவை உனக்கும் ஆகிடும்' என்று சேர்க்காதே, மூன்று தடவை அதைக் கேட்டு உனக்கே எரிச்சல் வந்திருக்குமே. டீக்கு அவளைக் கூப்பிடு, வரவில்லை என்றால் வற்புறுத்தாதே. ஒரு வாரம் கழித்து, அவளாக எம்3 பேச்சை எடுக்கும்போது, நீ போட்டுப் பார்த்த பழைய கேள்வித்தாள் நோட்டை அவள் மேஜையில் வை. எந்த யூனிட்டில் நீ பயந்தாய், பயம் எப்படிப் போனது என்று சொல். நாலாவது தடவை ஹாலுக்குப் போகாமல் இருந்த கதையையும் சொல். டாப்பர் சொல்லிக் கொடுத்தால் அவளுக்கு இறங்காது, நீ சொன்னால் இறங்கும்.

இன்னொன்று. இரண்டு தடவை ஹெச்ஆர் ரவுண்டில் திரும்பியதாக எழுதியிருக்கிறாய். அங்கே நடந்தது எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது. 'நீங்கள் பெருமைப்படும் விஷயம் ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டிருப்பார்கள், நீ 'அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை சார்' என்கிற தொனியில் ஏதோ சொல்லியிருப்பாய். எனக்கு எழுதிய கடிதத்திலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் லாரிக் கணக்கைச் சொல்லிப் பழகு, பேட்ச் பெண்களிடம் டீ குடித்துக்கொண்டே இன்னொரு தடவை சொல். மூன்றாவது தடவை இன்டர்வியூ மேஜைக்கு எதிரில் சொல்லும்போது தானாக வரும். மிகைப்படுத்த வேண்டாம், பேட்சில் நான்கு பேர் என்றால் நான்கு பேர் என்றே சொல். அரியரைக் கேட்டால் அதையும் மறைக்காதே, எத்தனை தடவை எழுதினாய், கடைசியில் எப்படி முடித்தாய் என்று சொல்லிவிடு.

கடைசியாக ஒரு வேலை. டெஸ்ட் முடிந்த கியூபை எல்லாம் லேபுக்குப் பின்னால் கொட்டி வைத்திருப்பார்கள். அள்ளிக்கொண்டு போவதற்குள் போய், உங்கள் பேட்ச் கியூபில் தேதி எழுதிய பக்கமாக ஒரு துண்டு எடுத்துக்கொள். ஊருக்குப் போகும்போது கொண்டு போய் அப்பா கையில் கொடு. செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி வை, உடைந்த ஓரம் கூர்மையாக இருக்கும், பையில் இருக்கும் சர்டிபிகேட்டைக் கிழித்துவிடப் போகிறது.