குடியுரிமைக்கு முன் ஊர்ச் சொத்தை விற்க வேண்டுமா?

கேள்வி: 2021 மார்ச்சில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்றுக் குடும்பத்துடன் கனடா வந்து, பிராம்ப்டனில் வசிக்கிறோம். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். 38 லட்சத்துக்கு வாங்கிய தாம்பரம் ஃபிளாட் வாடகையில் இருக்கிறது, என்.ஆர்.இ. வைப்பில் (வெளிநாட்டில் ஈட்டியதை இந்திய வங்கியில் போட்டுவைக்கும் கணக்கு) 40 லட்சம் உள்ளது. பாபநாசம் அருகே அப்பாவின் பெயரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. குடியுரிமை வந்துவிட்டால் எதையும் வைத்திருக்க முடியாது, அதற்குள் விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். நிலத்தை உடனே என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதித் தர அப்பா தயாராக இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: குடியுரிமைக்காக எதையும் விற்க வேண்டாம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், கனடாவின் உறுதிமொழியை எடுத்ததும் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) பெற வேண்டும். ஆனால் ஃபிளாட்டும் வைப்பும் உங்களுடையவையாகவே இருக்கும். வங்கியில் கே.ஒய்.சி. விவரங்களை மாற்றிக் கொடுத்தால் போதும்.

நண்பர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கனடா குடியுரிமையைப் பார்த்து வரி விதிப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்த்தே விதிக்கிறது. ஆகவே உங்கள் வரிக் கடிகாரம் 2021 மார்ச்சில் நீங்கள் குடியேறிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் கனடாவிலும் இல்லை என்று எண்ணிப் பலர் அதைக் கணக்கில் காட்டுவதே இல்லை. அது தவறு, அந்த வட்டியும் தாம்பரம் வாடகையும் இங்கே வருமானம்தான். மேலும், வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க விலை ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால், வந்த முதல் ஆண்டு நீங்கலாக, ஆண்டுதோறும் டி1135 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஃபிளாட்டும் வைப்பும் சேர்ந்தால் உங்களுக்கு அந்த வரம்பு நிச்சயம் தாண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 25 டாலர் வீதம், ஒவ்வோர் ஆண்டுப் படிவத்துக்கும் 2,500 டாலர் வரை அபராதம் உண்டு. விட்டுப்போயிருந்தால், வரித்துறை கேட்கும் முன் நீங்களாகவே முன்வந்து அறிவிப்பது நல்லது. குடியுரிமை விண்ணப்பத்தில் 1,095 நாள் வசிப்போடு, வரி தாக்கல் செய்த ஆண்டுகளையும் பார்க்கிறார்கள் என்பதால், இதை முதலில் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஃபிளாட்டைப் பொறுத்தவரை, 38 லட்சம் என்ற பழைய விலையைக் கனடா பார்ப்பதில்லை. நீங்கள் குடியேறிய நாளின் சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்கிறது. அன்று அது 55 லட்சம் என்றும், நாளை 80 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நாணய மாற்று வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், கனடாவில் ஆதாயம் 25 லட்சம். அதில் பாதிதான் வருமானத்தில் சேரும். இந்தியாவிலோ ஆதாயம் 42 லட்சம், அதற்கு 12.5 விழுக்காடாக 5.25 லட்சமும் செஸ்ஸும் வரி. இந்தியாவில் கட்டியதைக் கனடா வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் அடிப்படை 2021 மார்ச் மதிப்பு என்பதால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கான சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும். அதைக் காட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

அப்பாவின் நஞ்சையில்தான் அவசரம் ஆபத்து. அன்னியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. செட்டில்மெண்ட் என்பது தானமே. ஆக, குடியுரிமை வாங்காமல் பி.ஆர். நிலையிலேயே நீங்கள் இருந்தாலும் அந்தப் பத்திரம் விதிமீறல்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டார்கள் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை, ஓ.சி.ஐ. ஆன பிறகும் கூட. எனவே அப்பா செட்டில்மெண்டுக்குப் பதிலாக உயில் எழுதட்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். பின்னாளில் அந்த நிலத்தை விற்க நேர்ந்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும், பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்போரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வரவாகும், அங்கிருந்து வரி கட்டிய சான்றுடன் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம்.