மரம் ஏறி வெட்டும் கான்ட்ராக்ட்: உங்கள் சீட்டுப் பணம் கயிற்றிலிருந்து போகிறது

கேள்வி: எனக்கு வயது 34. தாம்பரம் பக்கம் பெரிய மரங்களை ஏறி வெட்டி இறக்கும் வேலை. எட்டு வருடம் மேஸ்திரியிடம் கூலிக்கு ஏறினேன். இரண்டு வருடமாக நானே கான்ட்ராக்ட் எடுக்கிறேன். கீழே மூன்று ஆட்கள். வீட்டை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி, வேம்பு என்றால் இரண்டு நாள் வேலை. 20,000 ரூபாய் வாங்குவேன். வருடத்துக்கு 70 மரம் வரும். வீட்டுச் செலவு மாதம் 30,000, சீட்டு 5,000. மனைவி, இரண்டு பிள்ளைகள். போன சீட்டு எடுத்ததில் 1,80,000 கையில் இருக்கிறது. வருடம் 40,000 கட்டும் எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது) போடச் சொல்கிறார் ஏஜென்ட். செகண்ட் ஹேண்ட் குட்டி யானை வாங்கு, வண்டி வாடகை மிச்சம் என்கிறான் மச்சான். எது சரி? இவ்வளவு வேலை செய்தும் கையில் ஏன் நிற்பதில்லை? கயிறு, பெல்ட் எல்லாம் மூன்று வருடப் பழசு, மாற்றக்கூட முடியவில்லை.

பதில்: பாலிசி வேண்டாம். வண்டியும் இப்போதைக்கு வேண்டாம். காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. முதலில் ஒரு மரத்தின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

மூன்று ஆட்களுக்கு நாள் 1,000 வீதம் இரண்டு நாள், 6,000. கழிவு ஏற்ற இரண்டு லோடு, 1,500 வீதம் 3,000. பெட்ரோல், டூ-டி ஆயில், செயின் ஆயில் சேர்த்து 1,200. செயின் தேய்மானம், அரம் 400. நாலு பேருக்குச் சாப்பாடு, டீ 1,400. ஆக 12,000. வேலை பிடித்துக் கொடுத்தவருக்குப் பத்து சதவீதம், 2,000. மீதி 6,000. இரண்டு நாள் ஏறியதற்கு இது, அதாவது நாளுக்கு 3,000. உங்கள் பகுதி ரேட் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு இதுதான்.

70 மரம், 140 நாள். 3,000 வீதம் வருடத்துக்கு 4,20,000. மற்ற நாட்களில் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று பொருளில்லை. மரம் பார்க்கப் போவது, மெஷின் பழுது, மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை காத்திருப்பது, ஐப்பசி கார்த்திகை மழையில் பட்டை வழுக்குவதால் ஏற முடியாத நாட்கள் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுச் செலவு 3,60,000. சீட்டு 60,000. இரண்டையும் கூட்டினால் 4,20,000. ஒரு ரூபாய் மிச்சமில்லை.

இந்தக் கணக்கில் கயிறு இல்லை, ஹார்னெஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) இல்லை, அடுத்த மெஷினுக்குப் பணம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. நீங்கள் 5,000 சேமிக்கவில்லை. கயிறு மாற்ற வேண்டிய பணத்தைச் சீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி ரேட்டைத் திருப்பிப் போடுங்கள். வீட்டுச் செலவு 3,60,000, இன்சூரன்ஸ் 35,000, சாமான் 40,000, சேமிப்பு 1,20,000. மொத்தம் 5,55,000. இதை 140 ஆல் வகுத்தால் ஏறும் நாளுக்கு ஏறக்குறைய 4,000 வேண்டும். இரண்டு நாளுக்கு 8,000, செலவு 12,000, ஆக 20,000. இது கமிஷன் போக உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை. அப்படியானால் சொல்ல வேண்டிய விலை 22,500. இன்றைய விலைக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 2,500 ரூபாய்தான். பேரம் பேசும்போது வாசலில் நின்று நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகையும் அநேகமாக இதே அளவுதான் இருக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் நிற்கும்போது, விட்டுக்கொடுப்பது லாபத்தை இல்லை, கயிற்றை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 22,500 நல்ல மரத்துக்கு. கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்தாகிக் கூடு விட்டிருந்தால் சத்தம் பறை போல வரும். தூரில் பட்டை உப்பி, தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருந்தாலும் அதே சந்தேகம்தான். அப்படிப்பட்ட மரத்துக்கு ரேட்டை ஏற்றிக்கொண்டு ஏறாதீர்கள். கிரேன் வாடகையைத் தனி வரியாக எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கூடு விட்ட மரத்தில் ஏற எந்த விலையும் சரியான விலை இல்லை.

"மரத்தை நீயே எடுத்துக்கோ, கூலி கேட்காதே" என்று வரும் வேலையில் ஏமாறுவது அளவில். கம்பின் நடுச் சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால், சுற்றளவின் கால் பங்கு 1 அடி; ஒன்றை ஒன்றால் பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி என்பார் வியாபாரி. உண்மையில் அந்த உருண்டைக் கட்டையில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. கால் சுற்றளவு முறையில் விற்றால், நீங்கள் காசு வாங்கிய அளவைவிட 27 சதவீதம் அதிக மரம் அவருக்குப் போகிறது. ஆகவே கன அடி ரேட் பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசுங்கள். விறகு என்றால் எடைமேடைச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பச்சை மரம் கன அடிக்கு ஏறக்குறைய 25 கிலோ. அந்த ஒரு கட்டையே 300 கிலோவைத் தாண்டும். முக்கால் டன் வண்டியில் இரண்டு கட்டைக்கு மேல் ஏற்ற முடியாது. லோடு கணக்கும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

அதே 300 கிலோதான் உங்கள் கயிற்றிலும் தொங்குகிறது. வெட்டிய கட்டை கொஞ்ச தூரம் விழுந்து சட்டென்று நின்றால் கயிற்றுக்கு வரும் இழுப்பு அதன் எடையைப் போலப் பல மடங்கு. கடையில் நைலான் என்று சொல்லிக் கொடுக்கும் கயிறுகளில் பல, மலிவான பாலிப்ரொப்பிலீன். வெயிலில் உளுத்துப்போகும், உரசும் சூட்டில் இளகும். உங்கள் பழைய கயிற்றை எடுத்துக் கிளைக் கவையில் உரசும் இடத்தைப் பாருங்கள். இழைகள் ஒட்டிக்கொண்டு, மெழுகு பூசியதுபோலப் பளபளவென்று, வளைத்தால் விறைப்பாக இருந்தால் அது ஏற்கெனவே உருகியிருக்கிறது. அந்தக் கயிற்றில் கட்டை இறக்காதீர்கள். இறக்குவதற்குப் பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். ஏறுவதற்கு ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னெஸ், இடுப்பைச் சுற்றுவதற்கு உள்ளே இரும்புக் கம்பி ஓடும் கயிறு. மெஷின் கை தவறிச் சாதாரண இடுப்புக் கயிற்றில் பட்டால் ஒரு நொடியில் அறுந்துவிடும். கம்பி ஓடும் கயிறு உங்களுக்கு அந்த நொடியில் அவகாசம் கொடுக்கும். வெட்டும்போது எப்போதும் இரண்டு இடத்தில் கட்டியிருங்கள். இதற்கெல்லாம் முதலில் 25,000 எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு மரத்திலும் 600 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டால், வருடச் சாமான் செலவு சரியாக வந்துவிடும்.

இனி இன்சூரன்ஸ். இன்றைக்கே வங்கிக்குப் போய்ச் செய்ய வேண்டியது இரண்டு. பிரதமர் சுரக்ஷா பீமா வருடம் 20 ரூபாய்: விபத்தில் மரணம் அல்லது முழு ஊனத்துக்கு 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜீவன் ஜோதி பீமா 436 ரூபாய்: எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். இரண்டும் ஜூன் முதல் மே வரை. மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி நின்றுவிடும். உங்கள் மூன்று ஆட்களையும் இதில் சேர்த்துவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் 4 லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாது. தனிநபர் விபத்துக் காப்பீடு குறைந்தது 15 லட்சத்துக்கு எடுங்கள். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் சரல் சுரக்ஷா பீமா என்ற ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. அதில் தற்காலிக ஊனத்துக்கான கூடுதல் கவரை அவசியம் கேளுங்கள். உங்கள் தொழிலில் அதிகம் பயப்பட வேண்டியது, கால் முறிந்து ஆறு மாதம் வீட்டில் கிடப்பது. அந்தக் கவர் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். 15 லட்சத்துக்கு வாரம் 3,000. வீட்டுச் செலவில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஈடாகும்.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஏஜென்ட் "சுயதொழில்" என்று எழுதிவிடுவார். பிரீமியம் குறையும், சீக்கிரம் பாஸாகும். அதை அனுமதிக்காதீர்கள். "பெரிய மரங்களில் ஏறி மெஷினால் வெட்டி இறக்குதல்" என்று உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றுக்குப் போங்கள். மறைத்து வாங்கிய பாலிசி, கிளெய்ம் நாளில் வெறும் காகிதம். அதேபோல, குடித்திருந்தபோது நடந்த விபத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு பணம் தராது. கீழே நிற்கும் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். விபத்து நடந்தால் மருத்துவமனையில் "மரத்திலிருந்து விழுந்தார்" என்று உள்ளபடி பதிவு செய்து, ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "மாடிப்படியில் வழுக்கினார்" என்று சொல்லிவிட்டு, பிறகு மாற்ற முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்குத்தான். உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது. குடும்பத்துக்கு 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு தனியாக எடுங்கள். அதோடு 40 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு), தொழிலைச் சொல்லி, கூடுதல் பிரீமியம் போட்டாலும் சரி. எண்டோமென்ட்டில் அதே 40,000 கட்டினால் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஏஜென்டிடம் கேட்டு, இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் 35,000 போட்டிருக்கிறேன். கோட்டேஷன் வந்ததும் எண்ணைத் திருத்தி, மரத்தின் ரேட்டையும் திருத்துங்கள்.

இந்த 35,000க்குள் இன்னொரு பாலிசிக்கும் இடம் வேண்டும். நீங்கள் கேட்காத விஷயம் இது. கூலிக்கு ஏறிய காலத்தில் நீங்கள் தொழிலாளி. இப்போது அந்த மூன்று பேருக்கும் முதலாளி நீங்கள்தான். 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே மரம் வெட்டும் வேலை பெயர் சொல்லி இருந்தது. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை இன்றும் அதேதான். கட்டை விழுந்து 30 வயது ஆள் ஒருவர் இறந்தால், மாத ஊதியம் 15,000 என்று கொண்டால், அதில் பாதி 7,500; அந்த வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். இது உங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது, அவருக்கு மரம் வெட்டுவது தொழில் இல்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி மூன்று பேருக்குச் சேர்த்து எடுக்கலாம். டேர்ம் பாலிசிக்கு முன்னால் இதை எடுங்கள்.

குட்டி யானைக் கணக்கு. வண்டி வாடகை மரத்துக்கு 3,000, 70 மரத்துக்கு 2,10,000. மச்சான் இதைத்தான் பார்க்கிறார். சொந்த வண்டி என்றால் டிரைவர் 1,000, டீசல் 500, மரத்துக்கு 1,500 எப்படியும் போகும். மிச்சம் 1,500தான். மறுபக்கம் தவணை மாதம் 6,000 என்றால் வருடம் 72,000, இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி 35,000. டயர், பழுது 30,000. மொத்தம் 1,37,000. இதை 1,500 ஆல் வகுத்தால் 91. வருடத்துக்கு 91 மரத்தைத் தாண்டினால்தான் வண்டி சோறு போடும். அந்த அளவு வேலை வரும்போது 22,500 வீதம் வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமாகும். லாபம் அல்ல, ஆட்கள் கூலி, லோடு வாடகை எல்லாம் சேர்ந்த மொத்த வரவுதான் அந்தக் கணக்குக்கு. வண்டியும் ஜிஎஸ்டியும் ஒரே வருடத்தில் வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வருமான வரிக் கணக்கு இந்த வருடமே தாக்கல் செய்யுங்கள். புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. உத்தேச வருமான முறையில் குறைந்தபட்சம் வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், ஆனால் உண்மை லாபத்தையே காட்டுங்கள். டேர்ம் பாலிசிக்கும் நாளைய வண்டிக் கடனுக்கும் அதுதான் சான்று. கம்பெனி வேலைகளில் ஒரே பில் 30,000ஐத் தாண்டினால் 1 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் தாக்கல் செய்தால்தான் திரும்பும்.

கையில் உள்ள 1,80,000ஐ இப்படிப் பிரியுங்கள். இன்சூரன்ஸ் 35,000. கயிறு, ஹார்னெஸ் 25,000. மீதி 1,20,000, நாலு மாத வீட்டுச் செலவு. அதை வங்கியில் 30,000 வீதம் நாலு டெபாசிட்டாகப் போடுங்கள். மழைக்காலத்தில் ஒன்றை உடைத்தால் மற்றவை நிற்கும். சீட்டு பதிவு பெற்ற நிறுவனத்தில் என்றால் தொடருங்கள். தெருச் சீட்டு என்றால் முடிந்ததும் புதிதாகச் சேர வேண்டாம்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு, ஒவ்வொரு வேலைக்கும். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்கு. தூர் தோண்டுவது இதில் சேராது. மரம் வெட்ட அனுமதி வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. பனை என்றால் கலெக்டர் அனுமதி இல்லாமல் கை வைப்பதில்லை. மின்கம்பி பக்கம் என்றால் லைன் நிறுத்திய பிறகே ஏறுவோம், காத்திருக்கும் நாளுக்கு ஆட்கள் கூலி தனி. எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, காம்பவுண்ட் சுவர், ஓடு, தண்ணீர் டேங்க் மூன்றையும் வேலைக்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் முன்பே இருந்ததா, உங்கள் கட்டை விழுந்து வந்ததா என்ற தகராறில் ஒரு மரத்தின் மொத்தக் கூலியும் போய்விடும்.