ரிப்போர்ட் நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன் டாக்டர். மூத்தவனுக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பத்தாம் மாதம் கட்டிலிலிருந்து விழுந்தான். அன்று நன்றாக விளையாடினான். மறுநாள் வாந்தி, வலிப்பு. மண்டைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள், போய்விட்டான். ரத்தம் உறையும் டெஸ்ட் எல்லாம் நார்மல். இப்போது பிறந்த பெண்ணுக்கும் தொப்புளில் ரத்தம். 'ஆண்பிள்ளைக்குத்தான் அந்த நோய் வரும், இது தோஷம்' என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களிடம் போனில் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், அம்மா.

தோஷமும் இல்லை, கீஷமும் இல்லை. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாத நோய். என் சந்தேகம் ஃபேக்டர் 13 என்ற, ரத்தக்கட்டியை உறுதியாக்கும் புரதத்தின் குறைபாட்டின் மேல். அபூர்வமான நோய்தான், ஆனால் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் எட்டிப்பார்க்கும், ஆண் பெண் பார்க்காது. பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

டெஸ்ட் ஏன் நார்மல்? வழக்கமாகச் செய்யும் பி.டி., ஏ.பி.டி.டி. டெஸ்ட்கள் இரண்டும் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைத்தான் அளக்கும். இந்த நோயில் அது சரியாகவே உறையும். உறைந்த கட்டியின் இழைகளைக் குறுக்கே பிணைப்பதுதான் 13-இன் வேலை. செங்கல்லை அடுக்கிவிட்டுக் கலவை பூசாத சுவர் மாதிரி, கட்டி சில மணி நேரத்தில் சரிந்துவிடும். அன்று விளையாடியவன் மறுநாள் துவண்டது அதனால்தான் இருக்கும்.

யூரியாக் கரைசலில் ரத்தக்கட்டியைப் போட்டுப் பார்க்கும் பழைய, மலிவான டெஸ்ட் இருக்கிறது. நல்ல கட்டி 24 மணி நேரமும் கரையாது. இந்த நோயில் சீக்கிரமே கரைந்துவிடும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் செய்வார்கள். முடிந்தவரை பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் ரத்தத்தின் 13 கலந்தால் ரிசல்ட் ஏமாற்றிவிடும். 13-இன் அளவை உறுதிசெய்ய வேலூர் சி.எம்.சி. ரத்தவியல் துறைக்குப் போகலாம்.

இந்த நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. அதனால் முதல் கசிவுக்காகக் காத்திருக்காமல், குறைவாக உள்ள 13-ஐ முன்கூட்டியே ஏற்ற வேண்டும். நல்ல சேதி, ஏற்றிய 13 பாதியாகக் குறையவே 9 முதல் 14 நாள் ஆகும். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். மருந்தாகக் கிடைக்காவிட்டால் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, 13 உள்ள ரத்த வங்கியின் 'கிரையோ' கைகொடுக்கும்.

தடுப்பூசியை நிறுத்தாதீர்கள், போடுமுன் நோயைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். தலையில் அடிபட்டால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும், முதலில் ஃபேக்டர் 13 ஏற்றுவது, பிறகுதான் ஸ்கேன். இதை ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, குழந்தையின் பையிலேயே வையுங்கள்.