இசை படித்தால் கணக்குப் புள்ளி ஏறுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் தரம் 8. இரண்டு வருடமாகச் சங்கீதம் படிக்கிறாள். "பாட்டை விட்டிட்டுக் கணித ரியூசனுக்கு அனுப்பு" என்கிறார்கள் சொந்தக்காரர். ரீச்சரோ, இசை படித்தால் கணக்கும் நன்றாக வரும் என்கிறார். எது சரி? – தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: ரீச்சர் சொல்வது எங்கும் உலாவும் பேச்சு. அதற்குப் பெரிதும் காரணம் 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு. பத்து நிமிடம் மோசார்ட் இசை கேட்ட பல்கலைக்கழக மாணவர்கள், உருவங்களை மனதுக்குள் மடித்துப் பார்க்கும் சோதனையில் சற்றுக் கூடப் புள்ளி எடுத்தார்கள். கால் மணித்தியாலத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டது. அதில் சிறுபிள்ளைகளும் இல்லை, இசைப் பயிற்சியும் இல்லை. 2004இல் கனடாவில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வருடம் இசை கற்பித்துப் பார்த்தபோது நுண்ணறிவுச் சோதனையில் சிறிய ஏற்றம் தெரிந்தது. பிறகு இறுக்கமாகச் செய்த ஆய்வுகளில் அதுவும் தேய்ந்துவிட்டது. கணக்கு வரவேண்டுமென்றால் கணக்குத்தான் செய்யவேண்டும்.

சங்கீதம் தருவது வேறு: தன் பிழையைத் தன் காதாலேயே பிடிக்கும் பழக்கம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் பாடும்போது ரிஷபம் ('ரி') ஷட்ஜத்தை ('ஸ') ஒட்டியே நிற்கவேண்டும். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதை மேலே தூக்கிவிடும். ரீச்சர் சொல்லித் திருத்துவது ஒருபடி. யாரும் சொல்லாமலே பிள்ளை நின்று, திரும்ப 'ஸ' பிடித்து இறக்கிப் பாடுகிறதா? அப்போது படிப்பு ஏறுகிறது.

நாளுக்கு 25 நிமிடம் போதும். கிழமைக்கு ஒருநாள் இருந்து மூன்று மணித்தியாலம் கத்துவதில் தொண்டை நோவுதான் மிச்சம். கைபேசியில் தம்புரா செயலி வையுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டை (சுருதியின் அளவு) பொருந்தும். முதல் 5 நிமிடம் ஸ, ப, மேல் ஸ நீட்டிப் பிடிக்கட்டும். அடுத்த 10 நிமிடம் வரிசைகள்: ஆதி தாளத்தின் 8 எண்ணுக்கு முதலாம் காலத்தில் (வேகத்தில்) 8 சுரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. சறுக்குவது இங்கேதான். சுரம் இரட்டிக்கும்போது தாளம் போடும் கையும் சேர்ந்து ஓடும். ஓடினால் மெட்றோனோமை (சீராகத் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு கிழமை இரண்டாம் காலத்திலேயே நிற்கட்டும். மிச்ச நேரம் வகுப்பில் எடுத்த பாடத்துக்கு. கடைசியில் ஒரு வரியைப் பதிந்து கேட்கவேண்டும்.

ரியூசனுக்கும் அனுப்புங்கள். இந்த 25 நிமிடம் அதற்கு இடைஞ்சல் இல்லை. சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்தால் எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கடைசித் தவணையில் விழுந்தடித்துப் படித்து அதைச் சமாளிக்க முடியாது.

கேள்வி: மகனுக்கு 13 வயது. நன்றாகப் பாடியவன், இப்போது குரல் உடைகிறது. நிறுத்திவிடுவதா? – மல்லாவி

பதில்: நிறுத்தவேண்டாம், சுருதியை மாற்றுங்கள். குரல்வளை வளர்ந்து குரல்நாண் நீள்கிறது; குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையான தூரம்) இறங்கும். பழைய 5 கட்டையில் இழுத்துப் பாடவைப்பதுதான் கேடு. நோகாமல் வரும் நாலைந்து சுரத்துக்குள், நாளுக்கு 10 நிமிடம் மெல்லப் பாடட்டும். தாளமும் சுரம் எழுதுவதும் தொடரட்டும். குரல் ஒரு நிலைக்கு வந்தபின் 1, 2 கட்டைப் பக்கம் தேடிப் பாருங்கள்.

கேள்வி: கூத்துப் பழகினால் சங்கீதக் குரல் கெட்டுவிடுமா? – முள்ளியவளை

பதில்: கெடாது. கோவலன் கூத்து ஆடும் ஊரிலிருந்து இந்தப் பயம் வருவதுதான் வியப்பு! திறந்தவெளியில் எடுத்துப் பாடவும், மத்தளத்தோடு அடி பிசகாமல் ஆடவும் வகுப்பறையில் பழக முடியாது. கத்தலைத்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அடக்கவேண்டும். கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மிருதங்கத்தின் இடப்பக்க முகத்தில் (இடந்தலை) அப்பும் றவை நிற்குதில்லை. வலப்பக்க முகமான வலந்தலையும் சுருதி மாறிக்கொண்டே இருக்கு. – மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, றவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொஞ்ச நேரம் ஊறவிடுங்கோ. இடந்தலைத் தோலை ஈரக்கையால் தடவியபிறகு நடுவில் வட்டமாக அப்புங்கோ. தண்ணீர் கூடினால் வழுக்கும். குறைந்தால் வாசிக்கும்போதே வெடித்து உதிரும். இடந்தலை, வலந்தலையின் ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசவேண்டும். சத்தம் உயர்ந்து நின்றால் இன்னும் கொஞ்சம் றவை வையுங்கோ. வாசித்து முடிந்ததும் வழித்துத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் கரப்பானும் எலியும் தோலைத் தின்னும்.

சுருதி மாறுவதற்குக் காரணம் வெப்பமும் ஈரமும். தகரக் கூரையின் கீழே மத்தியானம் தோல் இறுகிச் சுருதி ஏறும். கார்த்திகை மழையில் தளர்ந்து இறங்கும். துணி உறைபோட்டு, வெயில் படாத உள்ளறையில் நிலத்தில் முட்டாமல் வையுங்கோ. வலந்தலையின் விளிம்பில் வார் கோர்க்கும் 16 கண் உண்டு. ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, இறங்கிய கண்ணில் முகத்துப் பக்கமிருந்து விளிம்பில் அடித்தால் ஏறும். மறுபக்கமிருந்து அடித்தால் இறங்கும். ஒரே கண்ணில் அடித்துக்கொண்டிராமல் எதிர்க்கண்ணையும் பாருங்கோ. சாதம் (வலந்தலை நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) உதிரத் தொடங்கினால் அடித்துத் திருத்த முடியாது. மூட்டு (தோல் முகம்) மாற்றுபவரிடம் கொண்டுபோங்கோ.