க்யூடோ: முழுசாக இழுக்கும் முன்பே அம்பு போய்விடுகிறதா?

ஜப்பானிய வில்வித்தையான க்யூடோவில் உங்கள் அம்பு இலக்கில் படுகிறது, ஆனாலும் ஆசிரியர் ‘சரியில்லை’ என்று தலையசைக்கிறார் என்கிறீர்கள். அவர் சொல்வது சரி. அம்புத்தண்டு வாயோரம் வந்ததுமே கை விட்டுவிடுவதற்கு ‘ஹயாகே’ என்று பெயர். பெரும்பாலும் இது பலக்குறைவு இல்லை. 28 மீட்டரில் அந்த 36 செ.மீ. இலக்கு வட்டத்தைப் பார்த்ததும் ஆசை முந்திக்கொள்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இந்தக் கலையே!

கொஞ்ச நாள் இலக்கை விட்டு, ‘மகிவாரா’ வைக்கோல் உருளையில் ஒரு வில் நீளத் தூரத்தில் நின்று எய்யுங்கள். வலு குறைந்த வில் போதும். முழு இழுப்பில் ஐந்து எண்ணுங்கள். சும்மா பிடித்து நிற்காதீர்கள், தளர்ந்து நழுவும்; இடக்கை முன்னும் வலமுழங்கை பின்னும் விரிந்துகொண்டே இருக்கணும். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால், சில தடவை எய்யாமலே வில்லை இறக்கிப் பாருங்கள். அதுதான் கஷ்டம்.