வர்க்கமூலத்துக்கு ஷார்ட்கட் வகுப்பு தேவையா?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கால்குலேட்டர் இல்லாமல் வர்க்கமூலம், கனமூலம் தோராயமாகக்கூட வரவில்லை. பயிற்சி மையத்தில் ‘ஷார்ட்கட்’ வகுப்பு என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். 200 கேள்விகளில் கணக்குக்கும் திறனறிவுக்கும் சேர்த்தே 25தான்; மூலம் அதில் ஒரு மூலையில் வரும்.

30 வரை வர்க்கமும் 10 வரை கனமும் மனப்பாடமாக இருக்கட்டும். அப்புறம் ஒரே வேலைதான். 50-க்குப் பக்கத்து முழு வர்க்கம் 49; மூலம் 7. மிச்சம் 1-ஐ 7-இன் இரட்டிப்பான 14-ஆல் வகுத்தால் 0.071. விடை 7.071. 63 என்றால் 64-இலிருந்து இறங்குங்கள்: 8-இல் 1/16 குறைத்தால் 7.94. கனமூலத்தில், மூலத்தின் வர்க்கத்தை மும்மடங்காக்கி அதனால் வகுக்க வேண்டும். 30-க்குப் பக்கத்து முழுக் கனம் 27; மூலம் 3, மிச்சம் 3. வகுக்க வேண்டியது 9-இன் மும்மடங்கு, அதுவும் 27; விடை ஏறக்குறைய 3.11.

மையங்கள் விற்பது வேறு சரக்கு. 17576-இன் கடைசி இலக்கம் 6, 6-இன் கனமும் 6-இல் முடியும்; கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் முன்னால் 17, அதற்குள் அடங்கும் பெரிய கனம் 2-இன் கனமான 8; ஆகவே கனமூலம் 26 என்று ஐந்து நொடியில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். விடை சரிதான். ஆனால் 17566-ஐக் கொடுங்கள், அதே வித்தை அதற்கும் 26 என்றே சொல்லும்! முழுக் கன எண்ணுக்கு மட்டுமே அது செல்லும். இதைச் சொல்லாமல் காசு வாங்குகிறார்களே, அதுதான் எரிச்சல்.

தசமத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். 0.9-இன் வர்க்கமூலம் 0.3 இல்லை, 0.09-க்குத்தான் 0.3. புள்ளியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள். 0.9 என்பது 0.90, 90-இன் மூலம் சுமார் 9.5, ஆகவே 0.95. கனமூலத்துக்கு மும்மூன்றாக. 0.8-ஐ 0.800 என்று எழுதுங்கள்; 800 என்பது 729-க்கும் 1000-க்கும் நடுவில்; 9-உடன் 71/243, அதாவது 0.29 சேரும், விடை சுமார் 0.93. 0.2 என்று எழுதினால் போச்சு. ஒன்றுக்குக் குறைந்த எண்ணின் மூலம் அந்த எண்ணைவிடப் பெரிதாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் நீள் வகுத்தலைப் பக்கம் பக்கமாகப் போட வைப்பவர்கள் இந்த ஒரு வரியை அழுத்திச் சொல்வதில்லை.

தேர்ந்தெடுக்க வேண்டிய விடைகள் கேள்வித்தாளிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் முதல் தசம இடம் தெரிந்தாலே போதும். மூன்றாம் இடத்தைத் துரத்தி நேரத்தை விடாதீர்கள்.